ஆவுளியாவை, அதாவது கடல் பசுவை, தொட்டியில் வைத்துப் பெருக்க முடியுமா? நம்ம மண்டபம் ஊரில் ஆரம்பிக்கலாமா, கூடாதா?

பாம்பன்_தெற்குவாடி:
போன மாதம் எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு ஆவுளியா கரை ஒதுங்கியது. பெண், ஒன்பது அடி இருக்கும். வால் பக்கம் வலைக்கயிறு அறுத்த காயம். டாக்டர் வந்து மணலிலேயே வைத்து அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் குட்டி இருந்தது, முழுசாக வளர்ந்த குட்டி, மூஞ்சியில் மீசை முடி கூட வந்துவிட்டது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்புதான்.

இந்தியாவில் மொத்தமே 240 வாக்கில்தான் மிச்சம் என்கிறார்கள், அதில் பெரும்பகுதி நம்ம கடலில். ஒரு பெண் ஆவுளியா பருவத்துக்கு வரக் குறைந்தது ஆறு வருடம், சிலதுக்குப் பத்துப் பதினைந்து வருடம் கூட ஆகும். சினைக்காலம் 13 முதல் 15 மாதம், ஈத்துக்கு ஒரே குட்டி, அடுத்த ஈத்துக்கு மூன்றிலிருந்து ஏழு வருடம். இந்தக் கணக்கில் வருடத்துக்கு நாலைந்து பெண்கள் வலையில் போனால் கூட அது திரும்ப எழுந்திருக்காது. 2022ல் பாக் விரிகுடாவில் ஆவுளியாவுக்கென்று 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவித்தார்கள், நாட்டிலேயே முதல் காப்பகம், ரொம்ப நல்லது, ஆனால் அது தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோடு நின்றுவிடுகிறது.

அதனால் நேராகவே கேட்கிறேன். மண்டபத்தில் கடல் ஆராய்ச்சிக்கான இடமும் ஆளும் இருக்கிறார்கள். ஒரு பெரிய தொட்டியோ கடலிலேயே ஒரு வேலியோ போட்டு ஏன் ஆவுளியாவை இனப்பெருக்கம் செய்யக் கூடாது? அமெரிக்காவில் கருங்கால் ஃபெரெட் என்று நம்ம கீரி மாதிரி ஒரு பிராணி, கடைசியில் 18தான் மிச்சம் என்ற நிலையில் எல்லாவற்றையும் 1987க்குள் பிடித்து வளர்த்தார்கள், இன்றைக்கு அது மறுபடி புல்வெளியில் ஓடுகிறது. அஸ்ஸாமில் குள்ளப்பன்றியை 1996ல் ஆறே ஆறு பிடித்து ஆரம்பித்தார்கள், அதிலிருந்து நூறுக்கும் மேல் காட்டில் விட்டாயிற்று. நாம் எதற்குக் காத்திருக்கிறோம்?

தென்கடல்_வத்தை:
தம்பி, உன் மனசு புரிகிறது. ஆனால் ஆவுளியாவைத் தொட்டியில் போடுவது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. 1959ல் மண்டபத்தில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் வைத்திருந்தார்கள். என் அப்பா சின்னப் பையனாக இருந்தபோது போய்ப் பார்த்ததாகச் சொல்வார். அதுகளும் வருடக்கணக்கில் உயிரோடுதான் இருந்தன. குட்டி மட்டும் போடவில்லை. ஏன் போடவில்லை என்று முதலில் யாராவது சொல்லுங்கள், அப்புறம் இரண்டாவது தொட்டி கட்டலாம்.

இன்னொன்று. ஒரு ஆவுளியா ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ தாழை, அதாவது கடல் புல், மேயும். பத்து உருப்படி வைத்தால் தினம் நானூறு கிலோ. அதை எங்கிருந்து அறுப்பீர்கள்? நம்ம கடலில் மேய்கிற ஆவுளியாவுக்கு மிச்சம் இருக்கிற அதே தாழையில் இருந்துதானே?

தொண்டி_டீச்சர்:
அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மண்டபம் மட்டும் இல்லை, உலகத்தில் எந்த இடத்திலும் இன்று வரை அடைப்பில் வைத்த ஆவுளியா குட்டி போட்டதே கிடையாது. ஒன்று கூட. ஜப்பானில் தோபா என்ற ஊரின் மீன்காட்சியகத்தில் செரினா என்ற பெண்ணை 1987 முதல் வைத்திருக்கிறார்கள். ஜுனிச்சி என்று ஒரு ஆணும் அங்கே இருந்தது, 2011ல் செத்துப்போயிற்று. ஜப்பான்காரர்கள் அந்த இரண்டையும் எவ்வளவு கவனமாகப் பார்த்திருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். அவர்களுக்கே நடக்கவில்லை.

பிடிக்கும்போதே செத்துவிடுகிற ஆபத்து வேறு. மெக்சிகோ நாட்டின் கலிபோர்னியா வளைகுடாவில் வாகிட்டா என்று ஒரு சின்ன ஓங்கில் (டால்பின்) இனம். முப்பது வாக்கில்தான் மிச்சம் என்று ஆனபோது, 2017ல், பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து பிடித்து வந்து பாதுகாக்கலாம் என்று இறங்கினார்கள். முதலில் கிடைத்தது ஒரு குட்டி. அது மிரண்டுபோனதைப் பார்த்துத் திரும்ப விட்டுவிட்டார்கள். அடுத்து ஒரு வளர்ந்த பெண் கிடைத்தது. சில மணி நேரத்தில் கையிலேயே செத்துப்போயிற்று. அதோடு திட்டத்தையே நிறுத்தினார்கள். உலகத்தின் தலைசிறந்த ஆட்கள் கையில் நடந்தது இது. உங்கள் கையில் நடந்தால் அந்தக் கணக்கை யார் ஏற்பது?

பாம்பன்_தெற்குவாடி:
டீச்சர், இதுவரை நடக்கவில்லை என்றால் இனிமேலும் நடக்காது என்று அர்த்தமா? ஆவுளியாவுக்கு நெருங்கிய சொந்தம் மனாட்டி. அது 1975லேயே மயாமியில் தொட்டியில் கருத்தரித்துக் குட்டி போட்டது, சிங்கப்பூரில் இப்போதும் போடுகிறது. ஒரே வரிசைப் பிராணிதானே இரண்டும்?

உச்சிப்புளி_கால்நடை:
ரொம்ப நேரம் படித்துக்கொண்டே இருந்தேன், இப்போது எழுதுகிறேன். நான் கால்நடை மருத்துவர். இப்போது பார்ப்பதெல்லாம் ஆடு மாடுதான், ஆனால் அதற்கு முன்னால் மூன்று வருடம் ஒரு விலங்குக் காப்பகத்தில் இருந்தேன், ஊர் பேர் வேண்டாம். அங்கே ஒரு சிங்கவால் குரங்கு ஜோடி இருந்தது. தின்கிறது, தூங்குகிறது, இரத்தம் எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் ஒன்றை ஒன்று தொடாது. ஆண் குரங்கு கூண்டின் வடக்கு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். குட்டியாக இருக்கும்போதே கூட்டத்தை விட்டுப் பிரித்து வளர்த்த பிராணி அது. ஜோடி சேர்வது எப்படி என்று பார்த்துப் பழகவே அதற்கு வாய்ப்பு கிடைக்கவில்லை. மேலே இருந்தவர்கள் ஊசி போடு, மருந்து கொடு என்பார்களே தவிர கூட்டமாக வைக்கலாம் என்று கேட்கக் கூட இல்லை. இன்னமும் அந்த முதுகு என் கண்ணுக்குள் நிற்கிறது.

அதனால் தம்பியின் கேள்வியை நான் லேசாகத் தள்ள மாட்டேன். அடைப்பில் குட்டி வராததற்கு எப்போதுமே ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும். சுமத்திரா காண்டாமிருகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1889ல் கல்கத்தா விலங்குக்காட்சிச் சாலையில் ஒரு குட்டி பிறந்தது. அடைப்பிலேயே கருத்தரித்துப் பிறந்த அடுத்த குட்டி அமெரிக்காவின் சின்சினாட்டியில், 2001 செப்டம்பரில். நடுவில் 112 வருடம். அங்கே முதல் சிக்கலே தீனியில்தான். இபு என்ற ஆண், காய்ந்த புல் தின்றே எழுந்து நிற்க முடியாத நிலைக்குப் போய்விட்டது. அப்புறம் ஆல், அத்தி இனத்து இலை வேண்டும் என்று யாருக்கோ தோன்றி, விமானத்தில் இலை வரவழைத்துக் கொடுத்ததும் எழுந்தது. அடுத்த சிக்கல், ஆணையும் பெண்ணையும் சேர்த்து விட்டால் சண்டை. டெர்ரி ராத் என்ற ஆராய்ச்சியாளர் நாள் தவறாமல் ஸ்கேன் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தார். மாடு மாதிரி 21 நாளைக்கு ஒரு தடவை தானாகச் சினைமுட்டை வெளியேறுகிற கதை இதில் இல்லை, ஆணோடு சேர்ந்த பிறகுதான் முட்டையே வெளியேறுகிறது. சரி, சேர்ந்தது, சினையும் பிடித்தது, ஐந்து தடவை கரு தங்காமல் போயிற்று. ஆறாவது தடவை புரோஜெஸ்டிரோன் என்ற சினை காக்கும் ஹார்மோன் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அப்படிப் பிறந்ததுதான் அந்தாலாஸ். 2007ல் அதைச் சுமத்திராவுக்கே அனுப்பி, 2012ல் அதற்கும் ஒரு குட்டி பிறந்தது.

தீனி விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம்ம ஊர் மாட்டுக்காரர்களுக்கும் இது உறைக்கும். தெற்கத்தி வெள்ளைக் காண்டாமிருகத்தில் காட்டில் பிடித்து வந்த தாய்கள் குட்டி போட்டன, அடைப்பில் பிறந்த மகள்கள் போடவில்லை. வருடக்கணக்காகத் தேடி அமெரிக்காவின் சான் டியேகோவில் கண்டது, தீனியில் கலந்த சோயாவும் குதிரை மசாலும் காரணமாக இருக்கலாம் என்று. அதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாதிரி வேலை செய்கிற பொருள் இருக்கிறது, வயிற்றில் இருக்கும்போதே மகளின் கருப்பையை அது பாதிக்கிறதாம். தீனியை மாற்றினார்கள், அதுவரை சினை பிடிக்காதிருந்த இரண்டு சினையாயின. தொட்டியில் இருக்கிற ஆவுளியாவுக்குத் தாழைக்குப் பதில் கீரையும் முட்டைக்கோசும் கொடுத்து வளர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். மனாட்டி அந்தத் தீனியை ஏற்றுக்கொள்ளும். ஆவுளியாவுக்கு வாயே கீழ்ப்பக்கம் பார்த்த வாய், தரையில் இருக்கும் தாழையைக் கிளறி மேய்கிற பிராணி அது.

வத்தை அண்ணன் கேட்டதற்கு வருகிறேன், 1959 ஜோடி ஏன் குட்டி போடவில்லை என்று. நான் அங்கே இல்லை, அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு ஆண், ஒரு பெண், ஒரு தொட்டி என்பது ஆட்டுக்கொட்டகைக் கணக்கு. கடலில் ஒரு பெண்ணைப் பல ஆண்கள் சூழ்ந்துகொண்டு முட்டி மோதும். ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே பக்கம் ஆண்கள் ஆளுக்கொரு இடம் பிடித்துக் காவல் காத்து நிற்க, பெண் தேடிப் போகிறது. பாண்டாவில் 2015ல் ஒரு ஆய்வு வந்தது, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றை ஒன்று பிடித்திருந்தால்தான் குட்டி நிறைய வருகிறது, நாமாகக் காகிதத்தில் ஜாதகம் பார்த்துச் சேர்த்தால் குறைகிறது என்று. ஆவுளியாப் பெண்ணுக்குத் தேர்ந்தெடுக்க நாலு ஆணாவது வேண்டும் என்றால், அந்தத் தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

பாம்பன்_தெற்குவாடி:
டாக்டர், நீங்கள் எதிர்க்கிறீர்களா ஆதரிக்கிறீர்களா என்றே தெரியவில்லை. ஆனால் நீங்கள் சொன்னது எல்லாம் என் பக்கம்தான் நிற்கிறது. தேடினார்கள், கிடைத்தது, குட்டி பிறந்தது. நாமும் தேடலாம் என்றுதான் சொல்கிறேன்.

தொண்டி_டீச்சர்:
தம்பி, அந்தக் காண்டாமிருகக் கதையின் முன்பாதியையும் படிக்க வேண்டும். 1984 முதல் பன்னிரண்டு வருடத்தில் 40 சுமத்திரா காண்டாமிருகங்களைப் பிடித்தார்கள். அந்தாலாஸ் பிறப்பதற்கு முன்னால் அதில் பெரும்பாலானவை செத்துப்போயின, அடைப்பில் கருத்தரித்த ஒரு குட்டியும் பிறக்காமல். டாக்டர் சொன்ன ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. நம்மிடம் 240. அதில் 40 என்றால் ஆறில் ஒன்று. உங்கள் ஊர்க் கரையில் ஒன்று செத்து ஒதுங்கியதற்கே உங்களுக்கு ஒரு மாதமாக மனசு ஆறவில்லையே.

கருங்கால் ஃபெரெட் வருடம் ஒரு ஈத்துக்கு மூன்று நாலு போடும், ஒரு வயதிலேயே பருவத்துக்கு வரும். குள்ளப்பன்றியும் குட்டிகளாகப் போடும். தப்பு செய்தால் அடுத்த வருடம் திருத்திக்கொள்ளலாம். ஆவுளியாவில் ஒரு தப்பைத் திருத்தப் பத்து வருடம் ஆகும். உங்கள் உதாரணம் எல்லாம் உண்மைதான், ஆனால் வேகமாகப் பெருகுகிற பிராணிகளாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறீர்கள்.

கீழக்கரை_காக்கா:
அஸ்ஸலாமு அலைக்கும். நான் கீழக்கரை, பதினெட்டு வருடமாக அபுதாபியில் வேலை. இந்த விவாதத்தை ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்து படித்தேன்.

இங்கே கடலில் ஆவுளியா மூவாயிரம் வாக்கில் இருக்கிறது, ஆஸ்திரேலியாவுக்கு அடுத்து பெரிய கூட்டம் இந்த வளைகுடாவில்தான். அதை யாரும் தொட்டியில் பெருக்கவில்லை. மேய்ச்சல் இடத்தைக் காப்பகமாக்கினார்கள், வலையைக் கட்டுப்படுத்தினார்கள். இதே அரபு நாட்டுப் பக்கம்தான் அரேபிய ஓரிக்ஸ் மானை அடைப்பில் பெருக்கி மீட்ட கதையும் இருக்கிறது. 1972ல் காட்டில் கடைசி ஓரிக்ஸும் சுடப்பட்டு, அமெரிக்காவில் வைத்துப் பெருக்கி, 1982ல் ஓமானில் திரும்ப விட்டார்கள். நானூறு வரைக்கும் பெருகியது. அப்புறம் என்ன ஆச்சு? திருட்டுத்தனமாகப் பிடித்து விற்று விற்றுத் தீர்த்தார்கள். காப்பகத்தின் பரப்பையும் வெட்டிக் குறைத்தார்கள். 2007ல் அந்தக் காப்பகத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருந்தே நீக்கிவிட்டார்கள். பெருக்கத் தெரிந்தது, விடுகிற இடத்தைக் காக்க முடியவில்லை.

நம்ம ஊரில் ஒரு காலத்தில் ஆவுளியாக் கறி விற்றது. என் உம்மா சின்ன வயதில் சாப்பிட்டிருக்கிறார். இன்றைக்கு அதைச் சொல்லும்போது அவருக்கே கண் கலங்கும், குட்டியை அணைத்துக்கொண்டு பால் கொடுக்கிற பிராணியையா தின்றோம் என்று. எங்கள் தலைமுறை தொடுவதில்லை. மனுசன் மாறினால் கடலும் மாறும், தொட்டி தேவைப்படாது என்பது என் எண்ணம்.

தென்கடல்_வத்தை:
காக்கா சொன்னதில் மனசு நிறைந்தது. நானும் ஒன்று சொல்கிறேன், இதுவரை ஊரில் நாலு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், வாடைக் காற்று முடிகிற நேரம், நானும் என் மச்சானும் திருக்கை வலை விட்டிருந்தோம். இரண்டு பாகத் தண்ணி, பன்னிரண்டு அடி ஆழம். விடிகாலை வலை வாங்கப் போனால் மிதப்பு வரிசையில் நாலு மிதப்பைக் காணோம். பெரிய திருக்கை என்று நினைத்து இழுத்தால் ஆவுளியா. பெரியது இல்லை, ஆறடி. அதன் மூக்கு தண்ணிக்கு மேலே வந்ததும் ஒரு மூச்சு விட்டது பாருங்கள், புஸ்ஸென்று, என் முகத்தில் அடித்தது, அறுத்த புல் வாடை. இன்னும் நாலைந்து நிமிடம் தாமதித்திருந்தால் மூச்சு முட்டிச் செத்திருக்கும். அது நம்மைப் போலத்தான், மேலே வந்துதான் மூச்சு வாங்க வேண்டும். மச்சான் அதன் கைத்துடுப்பைப் பிடித்துக்கொள்ள நான் கத்தியால் வலையை அறுத்தேன். தோல் வழுவழு என்று இருக்கும் என்று நினைத்தேன், அங்கங்கே முள் முள்ளாய் முடி. விட்டதும் உடனே ஓடவில்லை. எங்கள் வத்தைப் படகுக்குப் பக்கத்திலேயே இரண்டு மூச்சு வாங்கிவிட்டுத்தான் முங்கியது. அறுத்த வலை எட்டாயிரம் ரூபாய். அதற்கு அப்புறம் வனத்துறையில் கூப்பிட்டுச் சான்றிதழும் பரிசும் கொடுத்தார்கள், கொடுக்கவில்லை என்றாலும் அறுத்திருப்பேன்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், ஆவுளியா குட்டி போடாமல் அழியவில்லை. போட்ட குட்டி வலையில் மாட்டி அழிகிறது. கரையில் இருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு இழுக்கக் கூடாது என்று 1983லேயே சட்டம் வந்துவிட்டது, இன்றைக்கும் ராத்திரியில் இழுத்துத் தாழையைப் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டிக்கொண்டு போகிறார்கள். நீங்கள் தொட்டியில் நூறு குட்டி போட வைத்தாலும் கொண்டுபோய் விடுவது இதே கடலில்தானே?

உச்சிப்புளி_கால்நடை:
அண்ணன் சொன்னதில் ஒரு எழுத்தைக் கூட மறுக்க முடியாது. ஆனால் எனக்கு இன்னொரு பயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். யாங்சி ஆற்றில் பைஜி என்று ஓங்கில் இனம் ஒன்று இருந்தது. தூண்டிலில் காயப்பட்ட ஒரு ஆணை 1980ல் காப்பாற்றி வூஹானில் வைத்தார்கள், சீசீ என்று பெயர். 22 வருடம் உயிரோடு இருந்தது. துணைக்கு 1986ல் ஒரு பெண் கிடைத்தது, பருவத்துக்கு வரும் முன்பே 1988ல் செத்துவிட்டது. அதற்கு அப்புறம் வேண்டுமா வேண்டாமா என்று பேசிப் பேசியே வருடம் போயிற்று. சீசீ தனியாகவே இருந்து 2002ல் செத்தது. 2006ல் ஆறு வாரம் ஆறு முழுக்கத் தேடினார்கள், ஒரு பைஜி கூட இல்லை.

அதே ஆற்றில் துடுப்பில்லா ஓங்கிலுக்கு வேறு மாதிரி செய்தார்கள். ஆற்றின் பழைய வளைவு ஒன்று, 21 கிலோமீட்டர் நீளம், ஏரி மாதிரி ஒதுங்கிப்போன தண்ணி, அதில் 1990 முதல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து விட்டார்கள். தானே மீன் பிடித்துத் தின்று தானே ஜோடி தேடிக் குட்டி போட்டன. அது தொட்டியும் இல்லை, திறந்த ஆறும் இல்லை. கூடவே 2021 முதல் ஆறு முழுக்கப் பத்து வருட மீன்பிடித் தடை. 2017ல் ஆற்றில் 1,012 இருந்தது 2022ல் 1,249 ஆயிற்று. அடைப்பா கடலா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாமல் இரண்டையும் சேர்த்துப் பார்த்த இடம் அது. நம்ம தீவுகளுக்கு உள்பக்கம் ஒரு பகுதியை அப்படி வைக்க முடியுமா என்று நான் யோசிப்பது உண்டு.

தென்கடல்_வத்தை:
டாக்டர், இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்து வருடம் மீன் பிடிக்காதே என்றால் நான் என்ன செய்வது? 1986ல் 21 தீவையும் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதற்கு முன்னால் எங்கள் பெண்கள் தீவுக் கரையில் பாசி எடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். இன்றைக்கு பயந்து பயந்து போகிறார்கள். இடுப்பளவு தண்ணியில் முங்கிக் கையால் பாசி எடுக்கிற பெண்ணை மறிக்கிற படகு, இழுவலைக்காரனை மறிப்பதில்லை. இப்போது ஆவுளியாவுக்கு என்று இன்னொரு வேலி போட்டால் அந்த வேலிக்கு வெளியே நிற்பது யார் என்று எங்களுக்குத் தெரியாதா?

உச்சிப்புளி_கால்நடை:
நியாயம் அண்ணே. ஒரு பகுதியை ஒதுக்கி வைக்கலாம் என்று நான் எழுதியது உங்களைக் கேட்காமல் எழுதியது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

தொண்டி_டீச்சர்:
அண்ணன் சொல்வது எங்கள் பக்கத்திலும் அப்படியே. இங்கே கடல் உள்வாங்குகிற வற்றம் நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தாழை காட்டுவேன். போன வருடம் ஒரு ஏழாம் வகுப்புப் பெண்தான் முதலில் பார்த்தாள், தாழைக்கு நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு வெறும் மணலாக, கோணல்மாணலாக நாலைந்து கோடு. ஏர் ஓட்டின மாதிரி இருக்கு டீச்சர் என்றாள். ஆவுளியா மேய்ந்த தடம். அந்தத் தடத்தில் பத்து நாள் கழித்துப் போனால் ஓரங்களில் தளிர் விட்டிருந்தது. வடக்கே மூங்கில் சட்டத்தில் தேங்காய் நார்க் கயிறு கட்டி அதில் தாழைத் துண்டுகளைச் செருகிக் கடலில் பதிக்கிறார்கள், அதைப் படகுக்காரர்களே கூலிக்குச் செய்கிறார்கள். தொட்டிக்குச் செலவிடுகிற பணத்தில் எத்தனை சட்டம் பதிக்கலாம், அண்ணன் அறுத்த எட்டாயிரம் ரூபாய் வலைக்கு எத்தனை பேருக்குப் புது வலை கொடுக்கலாம்?

பாம்பன்_தெற்குவாடி:
இரண்டு நாள் எதுவும் எழுதவில்லை. யோசித்தேன். கடலில் இருந்து பிடித்து வந்து தொட்டியில் போட வேண்டும் என்ற பேச்சை விடுகிறேன். வத்தை அண்ணன் அந்த மூச்சைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு அதைப் பிடித்து அடைக்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது, அதை விட மாட்டேன். நாளைக்கே தாய் செத்து ஒரு குட்டி தனியாகக் கரைக்கு வந்தால் என்ன செய்வோம்? தாய்லாந்தில் 2019ல் மரியம் என்று ஒரு குட்டி அப்படி வந்தது. கடலிலேயே புட்டிப்பால் கொடுத்து, தினம் தாழை ஊட்டி வளர்த்தார்கள். படகை அம்மா என்று நினைத்து ஒட்டிக்கொண்டே நீந்தும். நாலைந்து மாதத்தில், ஆகஸ்டில் செத்துவிட்டது. குடலில் பிளாஸ்டிக். அது அங்கே. இங்கே வந்தால் என்ன பால், எவ்வளவு, எந்தச் சூட்டில், நம்மில் யாருக்காவது தெரியுமா? கரையில் நின்று அழுவோம், மறுபடி அறுத்துப் பார்ப்போம். டீச்சர், தாழை நடுங்கள், வலை கொடுங்கள், எல்லாம் சரி. ஆனால் ஆவுளியாவின் சினை, பால், பருவம் எதையும் தெரிந்துகொள்ள வேண்டாம் என்றால் பைஜி கதைதான் இங்கேயும்.

தொண்டி_டீச்சர்:
இதை ஏற்கிறேன். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, பிடிக்காமல் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

உச்சிப்புளி_கால்நடை:
இருக்கிறது. சாணம்.

ஆஸ்திரேலியாவில் மோர்ட்டன் பே பகுதியில் ஆவுளியாச் சாணத்தில் இருக்கும் ஹார்மோனை அளந்து பார்த்திருக்கிறார்கள். புரோஜெஸ்டிரோன் எகிறி இருந்தால் சினை. டெஸ்டோஸ்டிரோனை வைத்து ஆண் பருவத்துக்கு வந்துவிட்டதா என்று சொல்லலாம். பாண்டாவிலும் காண்டாமிருகத்திலும் மூத்திரம், சாணம் பார்த்துப் பார்த்துத்தான் பெண்ணின் நாள் கணக்கைக் கண்டுபிடித்தார்கள், பாண்டாப் பெண்ணுக்கு வருடத்தில் இரண்டு மூன்று நாள்தான் வேளை என்பதால் அது தப்பினால் ஒரு வருடம் போச்சு. ஆவுளியாவை நாம் ஒருபோதும் அடைப்பில் வைக்காமல் போகலாம், நல்லது. ஆனால் நம்ம கடலில் இருக்கிற பெண்களில் எத்தனை சினையாக இருக்கின்றன, எந்த மாதத்தில், தாழை குறைந்த வருடத்தில் சினை குறைகிறதா, இதெல்லாம் தெரிந்தால் எந்த மாதம் எந்த இடத்தில் திருக்கை வலை விடக் கூடாது என்று சொல்ல முடியும். வருடம் முழுக்கத் தடை போடத் தேவையே வராது. செத்து ஒதுங்குகிற ஒவ்வொன்றிலும் கருப்பை, பால் சுரப்பி, குடல் எல்லாம் முறையாக எடுத்து வைக்க வேண்டும். நீங்கள் பார்த்த அந்தத் தாய் உடம்பில் பால் இருந்திருக்கும் தம்பி. அதை யாரும் ஒரு புட்டியில் எடுத்திருக்க மாட்டார்கள். எனக்கு அதுதான் ஆறவில்லை.

தென்கடல்_வத்தை:
ஆவுளியாச் சாணமா? குதிரைச் சாணி உருண்டை மாதிரி, பச்சையும் பழுப்புமாகத் தண்ணிக்கு மேலே மிதந்து வரும். தாழைப் பக்கம் காற்று இல்லாத காலையில் பார்ப்போம். அதைப் பார்த்தால் இங்கே ஆவுளியா மேய்கிறது என்று வலையைத் தள்ளி விடுவார் என் அப்பா. இது உபயோகப்படும் என்று எவரும் எங்களிடம் கேட்டதில்லை.

தொண்டி_டீச்சர்:
அண்ணே, ஒரு வார்த்தை. ஆவுளியா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பிராணி. அனுமதி இல்லாமல் நீங்களாக எடுத்து வைத்தால் நாளைக்கு உங்கள் மேலேயே வழக்கு வரலாம். முதலில் டாக்டர் பேரில் வனத்துறைக்கு ஒரு விண்ணப்பம் போகட்டும், அதில் நாட்டுப்படகுக்காரர்கள் பெயரும் இருக்கட்டும். எழுதுகிற வேலை என்னுடையது.

உச்சிப்புளி_கால்நடை:
எழுதுங்கள் டீச்சர், சனிக்கிழமை தொண்டிக்கு வந்து கையெழுத்துப் போடுகிறேன். மண்டபம் ஆய்வு நிலையத்தையும் சேர்க்க வேண்டும், அளக்கிற கருவி அவர்களிடம்தான் இருக்கும்.

தென்கடல்_வத்தை:
சரி. அனுமதி வரட்டும். வந்த பிறகு எதில் எடுத்து வைப்பது, டப்பாவிலா பாலிதீன் பையிலா? ஐஸ் எங்கள் வத்தையில் எப்போதும் இருக்கும்.

உச்சிப்புளி_கால்நடை:
மூடி போட்ட சின்ன டப்பா அண்ணே, ஒரு உருண்டைக்கு ஒரு டப்பா, ஒன்றோடு ஒன்று கலக்காமல். மேலே தேதி, நேரம், எந்தத் தீவுக்கு எந்தப் பக்கம், எத்தனை பாகத் தண்ணி என்று எழுதி உடனே ஐஸில் வையுங்கள். டப்பா நான் வாங்கித் தருகிறேன்.

பாம்பன்_தெற்குவாடி:
அண்ணே, அந்தக் காலைக்கு நானும் வத்தையில் வருகிறேன். டப்பா மேல் எழுதுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தென்கடல்_வத்தை:
நாலு மணிக்கு வாடிக்கு வந்துவிடு. காற்று கிளம்பிவிட்டால் உருண்டை உடைந்துபோகும்.